கர்னல் வேறு, கெர்னல் வேறு!

எங்கள் ஊர் அமராவதி நகரில் மூன்று விஷயங்கள் பிரசித்தம். ஒன்று, 90 அடி அணை. இரண்டு, முதலைப் பண்ணை. மூன்று, 1962-லிருந்து நடந்து வரும் சைனிக் ஸ்கூல். மூன்றாவது சமாசாரத்தால், இங்கே டீக்கடை பெஞ்சில் யாராவது 'கெர்னல்' என்று சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கர்னலுங்க? ரிட்டயர்டா, சர்வீஸா?" என்று கேட்பார். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் கெர்னலுக்கு மீசை கிடையாது, பென்ஷன் கிடையாது. அது கம்ப்யூட்டருக்குள் குடியிருப்பது.

விண்டோஸ், லினக்ஸ் என்று சொல்கிறோமே, அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நட்டநடு உறுப்புதான் கெர்னல். ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக் கொள்ளுங்கள். கட்டிங் மாஸ்டர் தனி, பவர் டேபிள் தனி, செக்கிங் தனி, பேக்கிங் தனி. யாருக்கு எந்த மெஷின், எத்தனை நேரம், எந்தக் குடோன் சாவி யார் கையில் என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சூப்பர்வைசர் ஒருவர் இருப்பார் இல்லையா? அவர்தான் கெர்னல். கணக்கு எழுதும் புரோகிராமோ, பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் புரோகிராமோ, மெமரியில் கொஞ்சம் இடம் வேண்டும் என்றால் இவரிடம்தான் கையேந்த வேண்டும். டெய்லருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு பீஸ் போகும். எல்லாச் சாவியும் வைத்திருப்பவருக்குப் புத்தி பிசகினால்? அதுதான் விவகாரம்.

என் அக்கா வீட்டுக்காரர் திருப்பூர் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் யூனிட் நடத்துகிறார். சரக்கு வரவு, கட்டிங் கணக்கு, பார்கோடு, இன்வாய்ஸ் எல்லாமே லினக்ஸ் போட்ட ஒரே பெட்டியில். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டியைப் பார்த்துக் கொள்ளும் சர்வீஸ் தம்பி வந்து, "அண்ணா, கெர்னலுக்கு ஒரு ஃபிக்ஸ் வந்துருக்குங்ணா. மைனர்தானுங். போட்டுட்டு ஒரு ரீபூட் பண்ணோணும்" என்றிருக்கிறான்.

'மைனர்' என்றால் எங்கள் பக்கம் ஜிப்பா, தங்கச் சங்கிலி, சென்ட் வாசனை என்று வேறு உருவம் மனசில் வரும். மச்சானுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. போதாததற்கு வியாழன் ராத்திரி கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். கப்பலை விட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கம்பெனி தலையில்தான் விழும். ஒரு ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே பறந்துவிடும்.

எனக்குப் போன் வந்தது. "மாப்ள, நீ பி.காம். படிச்சவன். பத்திரிகையில வேற எழுதற. இத இப்பவே போடறதா, கண்டெய்னர் போனப்புறம் போடறதா? கணக்கா சொல்லு!"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குக் கிட்னி கல் முதல் கெர்னல் வரை எல்லாம் தெரியும் என்று நம்புகிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய. ஆனால் மச்சான் கேட்ட கேள்வி லேசானதல்ல. உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகளே இதற்கு விடை தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கின்றன.

ஓட்டைகளுக்கு மார்க் போடும் வழக்கம் ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பத்து என்றால் படுமோசம். மார்க்கைப் பார்த்து முடிவெடுத்தால் வேலை சுலபம்தானே என்று தோன்றும். 2022 டிசம்பரில் அப்படி ஒரு பத்துக்குப் பத்து வந்தது. லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் 'கேஎஸ்எம்பிடி' என்ற பகுதியில் ஓட்டை. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை அடுத்த கம்ப்யூட்டர்கள் பகிர்ந்துகொள்ள உதவும் பகுதி அது. வெளியிலிருந்தே, பாஸ்வேர்டு கூட இல்லாமல், உள்ளே புகலாம் என்றார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்காரர்கள் பலர் பாதியில் ஓடிவந்தார்கள்.

வந்து பார்த்தால்... பெரும்பாலான இடங்களில் அந்தப் பகுதியை யாரும் பயன்படுத்தவே இல்லை! ஃபைல் பகிர்வதற்கு எல்லோரும் வைத்திருந்தது 'சாம்பா' என்ற வேறொரு பழைய புரோகிராம். தவிர, ஓட்டைக்கான மருந்து அதற்கு நாலு மாதம் முன்பே, ஆகஸ்டிலேயே, கெர்னலில் சேர்ந்தாகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பண்ணையில் பத்து முதலை வாய் பிளந்து கிடந்தாலும் நடுவில் கம்பி வேலி இருக்கும்வரை டிக்கெட் வாங்கிக் குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டலாம். நீங்கள் துணி துவைக்கும் வாய்க்காலில் ஒரே ஒரு குட்டி வந்தாலும் கதை வேறு. மார்க் என்பது முதலையின் பல்லை எண்ணிச் சொல்லும் கணக்கு. வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பது நமக்குத்தான் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கதைதான் என்னை ரொம்பக் கவர்ந்தது.

ஜெர்மனியில் இணையதளங்களைப் பராமரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் மேக்ஸ் கெல்லர்மான் என்று ஒரு புரோகிராமர். 2021 ஏப்ரலில் ஒரு வாடிக்கையாளர் அவர்களிடம் புகார் சொல்கிறார். டவுன்லோடு செய்த ஒரு பதிவேட்டு ஃபைல் பிரிய மாட்டேன் என்கிறது, கடைசியில் இருக்கும் சரிபார்ப்பு எண் தப்பு என்று. இவர் பார்த்தார். எண்ணைக் கையால் திருத்திக் கொடுத்தார். புகாரை மூடினார். நம்ம ஊர் ஆபீஸாக இருந்தால் அந்த ஃபைலின் மேல் பேப்பர் வெயிட்டையும் வைத்திருப்போம்.

சில மாதம் கழித்து அதே புகார் மறுபடியும். பிறகு இன்னொன்று. கெட்டுப்போன ஃபைல்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம்: எல்லாவற்றிலும் கடைசி 8 பைட்டுதான் கெட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான 8 பைட்டு. அதுவும் அதிகமாகக் கெட்டது மாதக் கடைசித் தேதி ஃபைல்கள்!

இந்த இடத்தில் என் பி.காம். ரத்தம் கொதித்தது. மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் நாள், கொஞ்சூண்டு வித்தியாசம். டிரையல் பேலன்ஸ் 2 ரூபாயில் இடித்தால் 'போகட்டும், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளு' என்று சொல்வான் சோம்பேறி. விஷயம் தெரிந்த கணக்காளர் தூங்க மாட்டார். ஒரு பக்கம் 50,002, இன்னொரு பக்கம் 50,000 என்று இரண்டு பெரிய தப்புகள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டு மிச்சமாகத் துப்பியதுதான் அந்த 2 ரூபாயாக இருக்கலாம்.

கெல்லர்மானும் தூங்கவில்லை. தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டார். மெமரியைச் சந்தேகப்பட்டார். கடைசியில்தான் கெர்னல் மீதே கை வைத்தார். விஷயம் இதுதான். ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குத் தகவல் கொடுக்க கெர்னலுக்குள் 'பைப்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. நேரத்தை மிச்சம் பிடிக்க, ஃபைலை நகல் எடுக்காமல், மெமரியில் இருக்கும் ஒரிஜினல் பக்கத்தையே அந்தப் பைப்பில் இரவல் வைப்பார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். 'இதன் மேல் இன்னும் எழுதலாம்', 'எழுதக்கூடாது' என்கிற மாதிரி. புதுத் தட்டை வைக்கும்போது பழைய சீட்டைக் கிழித்துப் போடாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் தப்பு! பண்டில் கட்டும் கைமடிப் பையன் பழைய சீட்டை எடுக்காமல் அதே கூடையில் அடுத்த லாட்டை வைப்பது போல. 'மேலே எழுதலாம்' என்ற பழைய சீட்டை நம்பி, அடுத்து வந்தவன் இரவல் வந்த ஒரிஜினல் பக்கத்தின் மேலேயே எழுதிவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சீட்டைக் கிழிக்காத பழக்கம் 2016-லேயே வந்துவிட்டது. அப்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. 2020-ல் வேறு யாரோ, வேறு எதற்கோ, நல்ல எண்ணத்தில் அந்தச் சீட்டுக்கு 'மேலே எழுதலாம்' என்ற அர்த்தத்தையும் சேர்த்தார்கள். அன்றைக்குத்தான் நாலு வருஷமாகச் சாதுவாக இருந்த பிழைக்குப் பல் முளைத்தது.

பல் என்றால் சாதாரணப் பல்லா? அந்தக் கம்ப்யூட்டரில் சாமானிய லாகின் வைத்திருக்கும் எவரும், தான் படிக்க மட்டுமே உரிமை உள்ள ஃபைலின் மேல் எழுதலாம். பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஃபைல் உட்பட. அதாவது கைமடிப் பையன் ஒரே நிமிஷத்தில் முதலாளி ஆகலாம். அப்போதைய புதுசான சில ஆண்ட்ராய்டு போன்களும் இதில் மாட்டின.

கெல்லர்மான் 2022 பிப்ரவரி 20-ல் கெர்னல் ஆட்களுக்கு எழுதினார். மூன்றே நாளில் மருந்து வெளிவந்தது. மார்ச் 7-ல் உலகத்துக்குச் சொன்னார். 'டர்ட்டி பைப்' என்று பெயர் வைத்தார்கள். மருந்து எவ்வளவு பெரிசு தெரியுமா? இரண்டு வரி. 'தட்டை வைக்கும்போது பழைய சீட்டை எடுத்துவிடு' என்று இரண்டு இடத்தில் சொல்வது. அதற்குக் கிடைத்த மார்க் 7.8. பத்துக்குப் பத்து வாங்கியது புஸ்வாணம்; இதுவோ, வந்த வருஷமே திருடர்கள் நிஜமாகவே பயன்படுத்தியது.

மருந்தின் அளவை வைத்து நோயை எடை போடக்கூடாது என்பதை அணையில் லஸ்கராக வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "அணையில கசிவே இல்லாம இருக்குமாங்க? அது வந்துட்டுதான் இருக்கும். அளந்து எழுதி வெக்கறது வேலை. ஆனா அளவ மட்டும் பாக்கப்படாது. தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதான்னு பாக்கோணும். கலங்கலா வந்தா மண்ணயும் சேத்து இழுத்துட்டு வருதுன்னு அர்த்தம். அது கொஞ்சமா வந்தாலும் ராத்திரியோட ராத்திரியா ஜீப் வரும்" என்றார். அந்த 8 பைட்டு கலங்கல் தண்ணீர். கெல்லர்மானுக்கு அது தெரிந்திருந்தது.

சரி, ஓட்டை அதே ஓட்டையாக இருந்தாலும் அவசரம் நாளுக்கு நாள் மாறும். இதற்கு 2017-ஐ விட்டால் வேறு உதாரணம் வேண்டாம். விண்டோஸின் ஃபைல் பகிரும் பகுதியில், அதுவும் கெர்னலுக்குள்ளேயே ஓடும் பகுதியில், ஓட்டை. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதி மருந்து கொடுத்துவிட்டது. அன்றைக்கு அது முக்கியமான பேட்ச், ஆனால் பலர் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்றார்கள். ஏப்ரல் 14-ம் தேதி அந்த ஓட்டையைத் திறக்கும் சாவியை ஒரு கும்பல் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வீசியது. ஓட்டை மாறவில்லை, மருந்து மாறவில்லை, மார்க் மாறவில்லை. அவசரம் மட்டும் ஒரே ராத்திரியில் பத்து மடங்காகிவிட்டது. அப்போதும் பலர் அசையவில்லை. மே 12, வெள்ளிக்கிழமை 'வானாக்ரை' வந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே ஆந்திராவில் சில போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. திருடன் ஸ்டேஷனையே பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்ட கதை அது!

மார்ச் 14-லிருந்து மே 12 வரை 59 நாள். ஒரு ரீபூட்டுக்கு 59 நாளில் பத்து நிமிஷம் கிடைக்காமலா போயிருக்கும்?

'அப்படியானால் வந்ததும் வராததுமாகப் போட்டுவிட வேண்டியதுதானே' என்பீர்கள். பொறுங்கள். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? விமான நிலையங்களில் நீலத் திரை, பேனாவால் எழுதிக் கொடுத்த போர்டிங் பாஸ்! கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி உலகம் பூராவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய ஒரு அப்டேட். அவர்களுடைய காவலாளி புரோகிராம் விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்ப்பது. வந்த ஃபைலில் கோளாறு. கெர்னலோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் மடங்கியது. 78 நிமிஷத்தில் தப்பான ஃபைலை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. பலவற்றை ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. திருடனே வரவில்லை, வாட்ச்மேன் கதவைச் சாத்திக்கொண்டு சாவியை விழுங்கிவிட்டான்.

கெர்னலை எழுதுகிறவர்களே 'இது அவசரம், இது அல்ல' என்று சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. அவர்கள் சொல்ல மாட்டார்கள். லினக்ஸ் கெர்னல் குழு 2024 பிப்ரவரியிலிருந்து தங்கள் ஓட்டைகளுக்குத் தாங்களே நம்பர் கொடுக்கிறது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. ஏன் இத்தனை என்றால், அவர்கள் வாதம் நியாயமாகத்தான் இருக்கிறது: அதே கெர்னல் டிவி பெட்டியிலும் ஓடுகிறது, போனிலும் ஓடுகிறது, பேங்கிலும் ஓடுகிறது, மச்சானின் பனியன் கம்பெனியிலும் ஓடுகிறது. எங்கே எந்தப் பிழை கடிக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே எல்லாவற்றுக்கும் நம்பர். பொறுக்கி எடுப்பது உங்கள் பாடு. அமெரிக்க அரசின் சிசா அமைப்பு 2021 நவம்பரிலிருந்து 'திருடர்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் ஓட்டைகள்' என்று தனிப் பட்டியல் போடுகிறது. நமக்கும் 'செர்ட்-இன்' எச்சரிக்கைகள் இருக்கின்றன. மார்க்கைப் பார்ப்பதைவிட முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்பது உத்தமம் என்பது என் கட்சி.

மச்சான் கம்பெனிக்கு வருவோம். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'மைனர் ஃபிக்ஸ்' என்ற மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். உள்ளே பல ஃபிக்ஸ்கள். ஒன்று ஹாம் ரேடியோவுக்கானது. "ஏனுங் தம்பி, நாம ரேடியோ ஸ்டேஷனா நடத்தறோம்?" என்றார் மச்சான். இன்னொன்று ஒரு வைஃபை கார்டுக்கானது. அந்தப் பெட்டிக்கு வைஃபையே இல்லை. மூன்றாவது கொஞ்சம் உறுத்தியது. சாமானிய லாகின் வைத்திருப்பவர் எல்லாச் சாவியையும் எடுத்துவிட வழி உண்டு என்று போட்டிருந்தது.

"யார் யாருக்கு லாகின் இருக்கு?"

"மூணே பேருங்ணா. அக்கவுண்ட்ஸ் புள்ள, பேக்கிங் சூப்பர்வைசர், நானு."

மூவரும் நம்பகமானவர்கள். அப்படியானால் வியாழன் வரை தாங்கும் என்று மச்சான் எழுந்துவிட்டார். நான்தான் சும்மா இருக்காமல், "வெளியிலிருந்து யாரும் இந்தப் பெட்டிக்குள்ள வர முடியாதே?" என்றேன்.

தம்பி தலையைச் சொறிந்தான். "அது வந்துங்ணா... பையர் ஆர்டர் எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு பாக்கறதுக்கு ஒரு பேஜ் இதுலயேதான் போட்டு வெச்சுருக்கறனுங். நெட்டுல திறந்துதான் இருக்குது."

கணக்கே மாறிவிட்டது. அந்தப் பேஜில் ஏதாவது சின்னப் பிசகு இருந்தால் எவனோ ஒருவன் சாமானிய லாகின் அளவுக்கு உள்ளே வந்துவிடுவான். வந்தவனுக்கு இந்தக் கெர்னல் ஓட்டை மாடிப்படி. இரண்டு அரை ஓட்டைகள் சேர்ந்தால் ஒரு முழு வாசல். இதை எந்த மார்க்கும் சொல்லாது, ஏனென்றால் அந்தப் பேஜ் அங்கே இருப்பது தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்ப இப்பவே ரீபூட்டா?" என்று மச்சான் முகம் வெளுத்தது. அந்தப் பெட்டி ஆறு மாதத்துக்கு மேலாக அணைக்கப்படாமல் ஓடுகிறது. அணைத்தால் எழுமா என்பதே தனிக் கவலை. பார்கோடு பிரிண்டர் பேசாமல் போனால் வியாழன் கண்டெய்னர் காலி.

வழி எளிதாகவே இருந்தது. பேஜை மூடுவதற்கு ரீபூட் தேவையில்லை. இரண்டு நிமிஷ வேலை. பையருக்கு 'நாலு நாள் ஸ்டேட்டஸ் மெயிலில் வரும்' என்று ஒரு வரி. அன்று ராத்திரியே மூடினான். கணக்கையெல்லாம் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைத் திறந்தும் பார்த்தான். (திறந்து பார்க்காத நகலும், எண்ணிப் பார்க்காத சில்லறையும் ஒன்று.) கண்டெய்னர் வியாழன் ராத்திரி போயிற்று.

ரீபூட்டுக்கு நாள் குறித்துக் கொடுத்தது மின்வாரியம். சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை! எப்படியும் பெட்டி அணையத்தானே போகிறது? வெள்ளி இரவே புதுக் கெர்னலைப் போட்டு வைத்தான். லினக்ஸில் ஒரு சௌகரியம், பழைய கெர்னலும் பக்கத்திலேயே இருக்கும். புதுசு முரண்டு பிடித்தால் ஆரம்பத் திரையில் பழசைத் தேர்ந்தெடுக்கலாம். புது மாப்பிள்ளை வந்த வீட்டில் பழைய கணக்குப்பிள்ளையையும் திண்ணையில் உட்கார வைத்திருப்பது மாதிரி. சாயங்காலம் கரண்ட் வந்தது. பெட்டி எழுந்தது. பிரிண்டர் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது. வயரைப் பிடுங்கிச் சொருகியதும் சரியானது. பேஜையும் திறந்தார்கள், இந்த முறை வேறொரு சின்னப் பெட்டியில்.

அத்தோடு நான் கிளம்பியிருக்கலாம். எம்பிராய்டரி ரூமைத் தாண்டும்போது மூலையில் ஒரு கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. டிசைன் பஞ்ச் பண்ணுவதற்கானது. விண்டோஸ் 7.

"இதுக்கு எப்ப அப்டேட் போட்டீங்க?"

"அதுக்கு வர்றதில்லீங்ணா."

வராதுதான். அதற்கான வழக்கமான மருந்து சப்ளை 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்குக்கூட 2025 அக்டோபர் 14-ல் நின்றது. வானாக்ரை நேரத்தில் மைக்ரோசாஃப்ட் இரக்கப்பட்டு, மூன்று வருஷம் முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்கும் ஒரு மருந்து கொடுத்தது. தினமும் அப்படி இரக்கப்பட மாட்டார்கள். நம் ரிசர்வ் வங்கியே 2018-ல் ஏடிஎம்களில் இருந்த எக்ஸ்பியை 2019 ஜூனுக்குள் தூக்கச் சொல்லி பேங்குகளுக்குக் கெடு வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்த டிசைன் சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஓடாது, புதிதாக வாங்கக் காசில்லை என்றார் மச்சான். அதுவும் நிஜம்தான். தம்பி ஒரு நிமிஷம் யோசித்தான். பின்னால் போய் நெட்வொர்க் வயரைக் கழற்றிச் சுருட்டி டிராயரில் போட்டான். டிசைன் ஃபைல்கள் இனிமேல் பென்டிரைவில் போகும். போகும் வழியில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை நடக்கும். எம்பிராய்டரி ஆபரேட்டருக்கு ஒரே ஒரு வருத்தம், "இனி இதுல பாட்டு கேக்க முடியாதுங்களா?" என்றார்.